முப்பத்தேழாம் பிரதிவாதி

கடைக்கு வந்த அமீனா
ஆதார் அட்டை ஜெராக்ஸ் கேட்பார் என்று
இயந்திரத்தின் மூடியைத் திறந்து வைத்தேன்.
"அடைக்கம்மையா? இங்கே ஒரு கையெழுத்து."

தேவகோட்டை சார்பு நீதிமன்றம்.
அசல் வழக்கு எண் நாற்பத்தாறு.
வாதி ஒருவர், பெரியப்பா மகன் வயிரவன்.
பிரதிவாதிகள் நாற்பத்தொரு பேர்:
மலேசியாவில் ஆறு,
இறந்தவர்களுக்குப் பதிலாக வாரிசுகள் நான்கு,
முப்பத்தேழாவது வரியில்
காலஞ்சென்ற சேவுகன் செட்டியார் மகள்.

இருபத்திரண்டு வருடத்தில்
எந்தப் பத்திரிகையும் என்னை அப்படி எழுதவில்லை.
டைப்ரைட்டிங் வாத்தியாரைக் கட்டிக்கொண்டு
எந்தக் கோயில் புள்ளியிலும் இல்லாமல் போனவள்.

வக்கீல் பர்வீன் கட்டைத் திருப்பியபடி சொன்னார்:
"பாகப்பிரிவினை வழக்கு.
ஒரு பங்குதாரரை விட்டாலும் நிற்காது.
நீங்கள் இல்லாமல் அவர்களால் பிரிய முடியாது."
சேர்வதற்கு வேண்டாதவள்
பிரிவதற்கு வேண்டியிருக்கிறது.

ஏ ஷெட்யூல்:
கோட்டையூர் கீழத்தெருவுக்கு மேற்கு,
ஏகப்பன் வகையறா வீட்டுக்குத் தெற்கு,
மேலத்தெருவுக்குக் கிழக்கு,
ஊருணிப் பாதைக்கு வடக்கு,
இந்நான்கெல்லைக்குள் பூட்டிக் கிடக்கும் வீடு.
பி ஷெட்யூல்:
பெல்ஜியம் கண்ணாடி இரண்டு, ஒன்றில் விரிசல்,
எனாமல் அடுக்கு பதினெட்டு,
சாவி இல்லாத இரும்புப் பெட்டி ஒன்று.
பத்தி ஒன்பது:
"37ஆம் பிரதிவாதி தன் பங்கை நகையாகப் பெற்றுக்கொண்டு
குடும்பத்தை விட்டு வெளியேறிவிட்டார்."

"சும்மா இருந்துவிட்டால்?" என்றேன்.
"சம்மன் கிடைத்து முப்பது நாள்.
காரணம் சொன்னால் தொண்ணூறு வரை.
பத்தி பத்தியாக மறுக்கணும்.
மறுக்காதது ஒப்புக்கொண்டது.
வராமலே இருந்தால் எக்ஸ்பார்ட்டி."

எங்கள் வளவில் சட்டம் வேறு:
வாய் திறக்காதவளுக்கே நல்ல பெயர்.

"நகை கொடுத்தோம் என்கிறார்.
எத்தனை பவுன், என்றைக்கு, யார் கையால்?
சொன்னவர்தான் நிரூபிக்கணும்."
அன்று என் கழுத்தில் கிடந்தது மஞ்சள் கயிறு.
நரைத்து இற்று மூன்று முறை மாற்றியாயிற்று;
சான்றாவணமாகக் குறியிட ஒன்றும் மிச்சமில்லை.

வழக்கு மூலம்
பதினான்காம் தேதி மார்ச்சில்
பாகம் கேட்டு மறுக்கப்பட்டபோது எழுந்ததாம்.
எனக்குத் தெரிந்து அது எழுந்தது ஒரு மாசி வெயிலில்,
முன்வாசல் வழியே அப்பாவைத் தூக்கிப்போக
நான் பின்வாசல் தெருவில் நின்றிருந்தபோது.
இதையும் எழுதச் சொன்னேன்.
பர்வீன் கொஞ்ச நேரம் பேனாவைப் பிடித்திருந்துவிட்டு
"இது வழக்குக்குள் வராதும்மா" என்றார்.

எதிர்வழக்குரை பன்னிரண்டு பக்கம்.
எல்லாத் தரப்புக்கும் நகல் என்று
கடையிலேயே இரவு உட்கார்ந்து எடுத்தேன்,
இரண்டு ரீம் போதவில்லை.
பிரதிவாதி என்ற சொல்லுக்குள்
பிரதி இருப்பது அப்போதுதான் கண்ணில் பட்டது.
நூற்றெட்டில் ஒரு பங்கு கேட்கிறேன்.
கணக்குப் பார்த்தால்
ஒரு கதவு நிலையும் அதன் நிழலும் வரலாம்.

முதல் வாய்தா.
நெடுநாள் கழித்து என் பெயரை
ஒருவர் உரக்கக் கூப்பிட்டார், மூன்று முறை,
வராந்தாவின் கடைசி வரைக்கும் கேட்க.
வயிரவன் திரும்பிப் பார்த்தது.
நீதிபதி விடுப்பு. ஜூலை பதினெட்டுக்குத் தள்ளிவைப்பு.

காரைக்குடி பஸ்ஸில்
எனக்கு முன் சீட்டில் அதே வயிரவன்,
கையில் ஐந்நூறு ரூபாய்த் தாள்,
சில்லறை கேட்டுக் கத்தும் கண்டக்டர்.
"ரெண்டு கொடுங்க" என்றேன்.
அவன் ஒன்றும் பேசவில்லை, மறுக்கவும் இல்லை.

இந்த டிக்கெட் காசை
வழக்குச் செலவுத் தொகையில் சேர்க்கலாமா என்று
பர்வீனிடம் கேட்க வேண்டும்.